திரும்பி வந்த கூழாங்கல்

ஒரு காட்டில், மலையிலிருந்து இறங்கி வரும் ஆறு ஊர்ப்பக்கமாக வளைகிற இடத்துக்குச் சற்று மேலே, முள்ளி என்றொரு முள்ளம்பன்றி குடியிருந்தது. எதையும் பார்த்துப் பார்த்துச் செய்கிற பிராணி அது. ஒரு கிழங்கு கிடைத்தால் எல்லாப் பக்கமும் முகர்ந்து பார்த்த பிறகுதான் கடிக்கும். வளைக்குள் நுழைவதற்கு முன் ஒரு தடவை திரும்பிப் பார்க்கும், நுழைந்த பிறகு தலையை மட்டும் நீட்டி இன்னொரு தடவை பார்க்கும்.

"முள்ளியக்கா மூச்சு விடறதுக்கே யோசிச்சுத்தான் விடும்" என்று மற்ற பிராணிகள் கேலி பேசும். கேலி பேசினாலும், குழந்தைகளே, போக்கிடம் இல்லாத யாராவது காட்டுக்குள் வந்து நின்றால் எல்லோரும் நேரே முள்ளியின் வளைக்குத்தான் கூட்டி வருவார்கள்.

அது அந்தக் காட்டு வழக்கம். வழி தவறி வந்ததையும் விரட்டப்பட்டு வந்ததையும் முள்ளி தன் வளையில் வைத்துத் தேற்றும். தேறியதும், அதைத் தன் குடும்பத்தோடு சேர்த்துக்கொள்ள விரும்புகிறவர்கள் வந்து கேட்கலாம். வந்தவர்களிடம் முள்ளி ஒரே ஒரு கேள்வி கேட்கும்.

"இதுக்கு என்ன வேலை குடுப்பீங்க?"

வேலை இல்லாத உயிர் வாடிப்போகும் என்பது முள்ளியின் கட்சி. கூண்டிலிருந்து தப்பி வந்த கிளியை மான்கூட்டத்துக்குக் காவல் குரல் கொடுக்க அனுப்பியது. கால் நொண்டிய கழுதையை, கன்றுகள் சறுக்குப்பாறைப் பக்கம் போய்விடாமல் பாதையை மறித்து நிற்கும்படி காட்டெருமைகளிடம் அனுப்பியது. கிளியும் சௌக்கியம், கழுதையும் சௌக்கியம். அதனால் தன் கேள்வியைப் பற்றி முள்ளிக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

ஒரே ஒரு கஷ்டம், எதுவானாலும் முதல் மழைக்குள் முடிந்தாக வேண்டும். மழை பிடித்துவிட்டால் முள்ளியின் வளைக்குள் ஆற்றுத் தண்ணீர் ஏறிவிடும். மேலே ஒரு பாறையிடுக்குதான் அதற்கு மழைக்கால வீடு. அதற்குள் முள்ளி ஒன்றுதான் புக முடியும், அதுவும் முள்ளையெல்லாம் மடக்கிக்கொண்டு. கூட இருக்கிற விருந்தாளி மழைக்குள் ஒரு வீடு போய்ச் சேராவிட்டால் நனைந்துகொண்டு காட்டில் அலைய வேண்டியதுதான். அந்தக் காட்டில் சிறுத்தையும் உண்டு.

ஒரு கோடையில் அப்படி ஒரு விருந்தாளி வந்து சேர்ந்தது.

ஊரோரத்தில் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. குட்டிகளை விற்பதற்காகவே நாய்களைக் கூண்டில் அடைத்து வளர்க்கிற இடம். அங்கே செவலை நிறத்தில் ஒரு பெண் நாய் இருந்தது. நல்ல வேட்டைச் சாதி. நீளக் கால், ஒட்டிய வயிறு, கூரான மூக்கு. அது குட்டி போடும். குட்டிகள் கண் திறந்து தத்தித் தத்தி ஓட ஆரம்பித்ததும் ஆட்கள் வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். மறுபடியும் அது குட்டி போடும், மறுபடியும் எடுத்துக்கொண்டு போவார்கள். இப்படியே அதன் வயதெல்லாம் கூண்டுக்குள் கழிந்தது. இனிமேல் குட்டி போடாது என்று தெரிந்ததும், அதை ஒரு வேனில் ஏற்றி வந்து காட்டோரத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள்.

இறக்கிவிட்ட இடத்திலேயே அது சாயங்காலம் வரைக்கும் நின்றது. மேய வந்த மான்கள் பார்த்து முள்ளிக்குச் சொல்லி அனுப்பின.

முள்ளி போய்ப் பார்த்தது. மண்ணை மிதித்தே அறியாத நகங்கள் வளர்ந்து சுருண்டிருந்தன. கம்பியைக் கடித்துக் கடித்து முன்பற்கள் தேய்ந்திருந்தன. மடி தளர்ந்து தொங்கியது. முள்ளி எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறது. ஆனாலும் இதை இன்னொரு தடவை சுற்றி வந்து பார்த்தது.

"உன் பேரு என்ன கண்ணு?" என்று கடைசியில் கேட்டது.

நாய் யோசித்தது. "தாய்னு சொல்லுவாங்க. அந்தத் தாய்க்குத் தண்ணி வைடான்னு சொல்லுவாங்க."

"அது பேரில்ல. உன்னை நான் செவலைன்னு கூப்புடறேன். சரியா?"

"சரிங்க" என்றது நாய். எது சொன்னாலும் சரிங்க என்றுதான் சொல்லும் என்பது முள்ளிக்குப் பின்னால்தான் தெரிந்தது.

செவலை முள்ளியின் வளையில் தங்கிற்று. முதலில் அதற்கு வானத்தைக் கண்டால் பயம். மேலே தகரம் இல்லாத இடத்தை அது பார்த்ததே இல்லை. மரநிழலை விட்டு வெளியே கால் வைக்காது. நடந்தால் கூண்டின் நீளத்துக்கு மட்டும் நடக்கும், பிறகு திரும்பிவிடும். எதிரே காடு முழுவதும் திறந்து கிடக்கும், தடுக்கிற கம்பி ஒன்றும் இருக்காது, இருந்தும் அந்த இடம் வந்ததும் திரும்பிவிடும். ஒருநாளாவது அது குரைத்ததும் இல்லை.

முள்ளியால் அதைத் தடவிக் கொடுக்க முடியாது, முதுகெல்லாம் முள். கிட்டே போய்ப் படுக்கவும் முடியாது. ஆகையால் எட்ட உட்கார்ந்து கிழங்கைக் கடித்துக்கொண்டே அன்றைக்குக் காட்டில் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கும். தன்னால் ஆகாத காரியம் என்று முள்ளி அதற்காக வருத்தப்பட்டது. ஆனால் செவலைக்கு அந்தத் தூரமே மருந்தாக இருந்தது. அதுவரை அதன் கிட்டே வந்த கைகளெல்லாம் எதையாவது எடுத்துப் போகத்தானே வந்திருந்தன.

கோடை முற்றிய ஒரு மாலையில் இருட்டு விழத் தொடங்கியது. வளைக்கு எதிரே இருந்த மரங்களில் மின்மினிகள் வந்து மொய்த்தன. ஒரு மரம் முழுக்க ஒரே சமயத்தில் எரிந்து, ஒரே சமயத்தில் அணைந்தது. பிறகு அடுத்த மரம், அதற்கடுத்த மரம் என்று வெளிச்சம் மலைச்சரிவெங்கும் ஓடிற்று. வருஷா வருஷம் பார்க்கிற முள்ளிகூட மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

செவலை வளையை விட்டு வெளியே வந்தது. நிழல் இருக்கிறதா, தகரம் இருக்கிறதா என்று அது பார்க்கவில்லை. மூக்கை உயர்த்திக்கொண்டு நின்றது. வெகு நேரம் கழித்து மெதுவாகக் கேட்டது.

"இதையெல்லாம் எப்போ எடுத்துட்டுப் போவாங்க?"

"யாரும் எடுத்துட்டுப் போக மாட்டாங்க கண்ணு. அது அங்கயேதான் இருக்கும்."

செவலை நம்பியதாகத் தெரியவில்லை. ஆனாலும் மரங்கள் அணைந்து அணைந்து எரிவதை உட்கார்ந்து பார்த்துக்கொண்டேயிருந்தது. இதற்கு ஒரு நல்ல இடம் பார்க்காமல் விடுவதில்லை என்று முள்ளி அன்றைக்கு மனதுக்குள் முடிவு கட்டியது.

முதலில் வந்தது நரி. வாயெல்லாம் பல்லாக வந்தது.

இப்பேர்ப்பட்ட சாதி நாய் இந்தக் காட்டுக்கு வந்தது காடு செய்த பாக்கியம் என்றது. தன் வளையில் ராணி மரியாதை கிடைக்கும் என்றது. வெளியே கிளம்பினால் செவலை முன்னால் போகுமாம், தான் பணிவாகப் பின்னால் வருமாம்.

"என்ன வேலை குடுப்பே?" என்று கேட்டது முள்ளி.

"முன்னால போறதுதானுங்க வேலை. முயலைக் கண்டா ஓடோணும். ஓடிப் புடிக்கோணும். புடிச்சதைப் பங்கு வெச்சுக்கலாமுங்க."

"பங்கு வெக்கறது யாரு?"

"அந்தச் சிரமம் எல்லாம் அதுக்கு எதுக்குங்கக்கா? அதை நான் பாத்துக்கறேன்."

முள்ளி முதுகை ஒரு சிலுப்புச் சிலுப்பியது. நரிக்கு உடனே வேறெங்கோ அவசர வேலை ஞாபகம் வந்துவிட்டது.

அடுத்தாற்போல் வந்தது நீர்நாய். அதன் பெயர் கும்மாளன். பெயருக்கேற்ற பிராணி. ஆற்றங்கரைச் சேற்றில் சறுக்கி விழுவதும், விழுந்த பிறகு ஏறிப் போய் மறுபடி சறுக்குவதும்தான் அதற்குப் பொழுதுபோக்கு. சொட்டச் சொட்ட நனைந்த உடம்போடு வந்து நின்றது. கையில் ஒரு வெள்ளைக் கூழாங்கல். அதை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்குப் போட்டுப் பிடித்துக்கொண்டே, "செவலையை நான் கூட்டிட்டுப் போறேனே அக்கா" என்றது.

"என்ன வேலை குடுப்பே?"

கும்மாளன் திகைத்துப்போனது. கல் கைதவறிக் கீழே விழுந்தது. "வேலையா? எங்க வீட்டுல வேலையே கெடையாதே அக்கா."

"அப்போ அது என்னதான் பண்ணும்?"

"எங்கூட இருக்கும்."

முள்ளிக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு உயிரை ஒப்படைக்கிற காரியத்தில் இப்படி விளையாட்டுத்தனமா? பெயரில் நாய் என்று இருந்துவிட்டால் நாய்க்குச் சொந்தமாகிவிடுமா என்று நன்றாகக் கேட்டு அனுப்பிவிட்டது. கும்மாளன் கோபித்துக்கொள்ளவில்லை. கல்லைப் பொறுக்கிக்கொண்டு, அதைத் தூக்கிப் போட்டுப் பிடித்தபடியே போயிற்று.

வளைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்த செவலையின் காது இரண்டும் விறைத்து நின்றன. முள்ளி அதைக் கண்டது. ஏதோ ஈ கடித்திருக்கும் என்று விட்டுவிட்டது.

நாள் போய்க்கொண்டிருந்தது. காற்று மேற்கேயிருந்து வீசத் தொடங்கியது. முள்ளிக்குக் கவலை பிடித்துக்கொண்டது. அப்போதுதான் காட்டுப்பன்றி மூச்சிரைக்க வந்தது. பின்னால் கோடு போட்ட முதுகோடு ஒரு பட்டாளம் குட்டிகள். ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டும் கத்திக்கொண்டும் வந்தன.

காட்டுப்பன்றி பாசமுள்ள பிராணி. சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. தான் கிழங்கு தோண்டப் போனால் குட்டிகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, சிறுத்தை வேறு அடிக்கடி அந்தப் பக்கம் வருகிறது என்று தன் கஷ்டத்தைச் சொன்னது.

"தாயாவே இருந்து பழகுன உசுருங்கக்கா அது. எங்கூட வந்து எங்குட்டிகளுக்குப் பெரியம்மாவா இருக்கட்டும். வேளா வேளைக்கு நான் கொண்டாந்து போடறேன். ஒரு கொறை வெக்க மாட்டேன்."

முள்ளிக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. இந்தப் பக்கம் குட்டியில்லாத தாய், அந்தப் பக்கம் துணையில்லாத குட்டிகள். வேலையும் இருக்கிறது, அன்பும் இருக்கிறது. கேட்டவர்களெல்லாம், முள்ளியக்கா செய்தால் அப்படித்தான் செய்யும் என்று புகழ்ந்தார்கள்.

"போறியா கண்ணு?" என்று செவலையைக் கேட்டது.

"போகச் சொன்னாப் போறேங்க."

முள்ளி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது. எல்லாவற்றையும் முகர்ந்து பார்க்கிற முள்ளி, அந்த ஒரு பதிலை மட்டும் முகர்ந்து பார்க்காமல் விட்டுவிட்டது.

ஒருவரை ஒரு வீட்டில் விட்டால் சில நாள் கழித்து எட்டிப் பார்த்துவிட்டு வருவது முள்ளியின் பழக்கம். அதன்படி காட்டுப்பன்றியின் இடத்துக்குப் போயிற்று. மூங்கில் புதருக்கடியில் தழைகளைக் குவித்துக் கட்டிய பெரிய கூடு அது. காட்டுப்பன்றி வழியிலேயே எதிர்கொண்டு, வாய் ஓயாமல் செவலையைப் புகழ்ந்தது.

"தங்கமான உசுருங்கக்கா. அதோட சமத்தை என்னன்னு சொல்றது? நான் வர்ற சத்தம் கேட்டாப் போதும், குட்டிகளை ஒண்ணொண்ணா மூக்கால தள்ளிட்டு வந்து வாசல்ல நிறுத்திருது. உள்ள போயி தேட வேண்டிய வேலையே எனக்கில்ல."

முள்ளியின் மனதுக்குள் ஏதோ குத்தியது. என்னவென்று அதற்குப் புரியவில்லை. "கொஞ்சம் இங்கயே இரு, நான் பாக்கறேன்" என்று காட்டுப்பன்றியை நிறுத்திவிட்டு, மெதுவாகக் கூட்டின் அருகே போயிற்று. காலுக்கடியில் ஒரு சருகு நொறுங்கியது.

உள்ளே செவலை எழுந்தது. வாசலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்த குட்டிகளை மூக்கால் எழுப்பி, ஒவ்வொன்றாக வாசல் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தது. எல்லாவற்றிலும் சின்னக் குட்டி மட்டும் வர மனமில்லாமல் செவலையின் வயிற்றுக்கடியில் புகுந்துகொண்டது. செவலை குனிந்து அதன் தலையை ஒரு நக்கு நக்கியது. பிறகு அதையும் தள்ளி வாசலில் விட்டது. விட்டுவிட்டு உள்ளே போய், முகத்தை மூங்கில் வேர்ப்பக்கம் வைத்து, கண்ணை இறுக மூடிப் படுத்துக்கொண்டது.

அதன் விலா மட்டும் ஏறி ஏறி இறங்கியது.

முள்ளி வாசலில் நின்றது. குட்டிகள் அதன் முள்ளைப் பார்த்துப் பயந்து சிதறின. "செவலை, நாந்தான் கண்ணு" என்றது முள்ளி.

செவலை கண்ணைத் திறந்தது.

"குட்டிகளை எதுக்கு வாசல்ல கொண்டாந்து விடறே?"

"எடுக்க வந்திருக்காங்கன்னு நெனச்சேங்க." செவலை தாழ்ந்த குரலில் சொன்னது. "நாமளே குடுத்துட்டா இழுக்க மாட்டாங்க. குட்டிக்கு வலிக்காது."

குழந்தைகளே, மனதுக்குள் குத்தியது என்னவென்று முள்ளிக்கு இப்போது புரிந்தது. தாயாகப் பழகிய உயிர் என்று எல்லோரும் சொன்னார்கள், தானும் அப்படித்தான் நினைத்தது. அது பழகியதெல்லாம் கொடுக்கிறதற்குத்தான் என்று யாருக்கும் தோன்றவில்லை. எந்த வேலையிலிருந்து அது விடுபட்டு வந்ததோ, அதே வேலையைத் தேடிப் பிடித்து, நல்ல இடம் என்று சொல்லி, தானே கொண்டுவந்து விட்டிருக்கிறது. முள்ளிக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

பின்னாலேயே வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்ட காட்டுப்பன்றி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது. "எனக்குத் தெரியாமப் போச்சே அக்கா. இதைப் போயி சமத்துன்னு காடு பூராச் சொல்லிட்டிருந்தனே."

"எனக்கே தெரியல, உனக்கு எங்கிருந்து தெரியும்?" என்றது முள்ளி. "வா கண்ணு, நம்ம எடத்துக்குப் போலாம்."

"சரிங்க" என்று எழுந்து வந்தது செவலை.

நம்ம இடம் என்று சொல்லிவிட்டதே தவிர, எந்த இடம் என்று முள்ளிக்கே தெரியவில்லை. மேற்கே மலைமுகட்டில் மேகம் கறுத்து இறங்கிக்கொண்டிருந்தது. எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தன. காற்றில் ஈரமண் வாசனை வந்துவிட்டது. இன்றைக்கோ நாளைக்கோ வளைக்குள் தண்ணீர் ஏறிவிடும். பாறையிடுக்கை எப்படி அளந்து பார்த்தாலும் அதில் ஒரு நாய் நுழையாது. செவலையை அதில் நுழைத்துவிட்டுத் தான் வெளியே நனையலாம் என்று பார்த்தால், அதன் காலே அதற்குள் அடங்காது. இப்படி யோசித்துக்கொண்டே முள்ளி ஆற்றோரப் பாதையில் நடந்தது. செவலை பின்னால் வந்தது.

ஆற்று வளைவில் மணல்திட்டு பரந்து கிடந்தது. அதன் ஓரத்துப் பாறைமேல் கும்மாளன் மல்லாந்து படுத்து, அந்த வெள்ளைக் கூழாங்கல்லை வயிற்றின்மேல் உருட்டிக்கொண்டிருந்தது. இவர்களைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தது. முள்ளியின் முகத்தைப் பார்த்ததுமே ஏதோ சரியில்லை என்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். எதுவும் கேட்கவில்லை. கையிலிருந்த கல்லைச் செவலையின் பக்கம் உருட்டிவிட்டது.

கல் உருண்டு வந்து செவலையின் காலடியில் நின்றது.

செவலை அதைப் பார்த்தது. பிறகு குனிந்து, மூக்கால் அதைக் கும்மாளன் பக்கமே தள்ளிவிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டது. குட்டிகளைத் தள்ளிவிட்டுத் திருப்பிக்கொண்ட அதே திருப்பல். பார்த்துக்கொண்டிருந்த முள்ளிக்குப் பொறுக்கவில்லை. வேண்டாம், நிறுத்து என்று சொல்ல வாயெடுத்தது.

அதற்குள் கல் திரும்பி வந்துவிட்டது.

தன் காலில் ஏதோ இடிக்கவும் செவலை குனிந்து பார்த்தது. அதே கல். அது கல்லைப் பார்த்தது, கும்மாளனைப் பார்த்தது, மறுபடி கல்லைப் பார்த்தது. திரும்பவும் தள்ளிவிட்டது. இந்தத் தடவை முகத்தைப் பாதிதான் திருப்பியது. ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டேயிருந்தது. கும்மாளன் கல்லைத் தலைமேல் வைத்து ஆட்டிக் காட்டிவிட்டு, மறுபடி உருட்டிவிட்டது. கல் திரும்பி வந்தது.

செவலை நின்ற நிலையிலேயே நடுங்கியது. முன்காலால் கல்லை ஓங்கித் தட்டியது. கல் துள்ளிப் போய் ஆற்றில், ஆழமான இடத்தில், முழுகிவிட்டது. வட்டம் வட்டமாக அலை எழுந்து, விரிந்து, அடங்கிற்று.

போய்விட்டது. செவலை தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றது. அதன் வால் கால்களுக்கிடையே இறங்கிற்று. 

கும்மாளன் பாறையிலிருந்து வழுக்கித் தண்ணீருக்குள் போயிற்று. நேரம் போயிற்று. ஆறு ஒன்றும் நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு, செவலையின் மூக்குக்கு நேர் எதிரே, தண்ணீரைப் பிளந்துகொண்டு ஒரு தலை எழுந்தது. அதன் வாயில் வெள்ளைக் கூழாங்கல். கும்மாளன் அதை மணலில் வைத்து, செவலையின் பக்கம் தள்ளியது.

செவலை குரைத்தது.

அந்தச் சத்தத்தில் முதலில் பதறிப்போனது செவலையேதான். தனக்குள் அப்படி ஒரு குரல் இருப்பது அதற்குத் தெரியாது. எதிர்ப்பாறை அதைத் திருப்பிச் சொல்லிற்று. தன் குரலும் தனக்கே திரும்பி வந்ததைக் கேட்டு, செவலை காதுகளை உயர்த்திக்கொண்டு இன்னொரு தடவை குரைத்தது. அது பாறையிலிருந்து மறுபடி வந்தது. செவலை கல்லைக் கவ்விக்கொண்டு ஓடத் தொடங்கியது.

கூண்டின் நீளம் வந்ததும் அதன் கால் தடுமாறிற்று. முள்ளி பார்த்துக்கொண்டுதான் இருந்தது. அங்கே அது திரும்பிவிடும் என்று முள்ளிக்குத் தெரியும். செவலை ஒரு கணம் நின்றது. எதிரே மணல், அதற்கப்பால் இன்னும் மணல், அதற்கு மேலே வானம் முழுக்கக் கருமேகம். அது திரும்பவில்லை.

அப்படி ஓர் ஓட்டத்தை அந்தக் காடு அதற்கு முன் கண்டதில்லை. மான் ஓடினால் பயத்தில் ஓடும், சிறுத்தை ஓடினால் பசியில் ஓடும். இது பயத்திலும் ஓடவில்லை, பசியிலும் ஓடவில்லை. நீளக் கால்கள் மணலைத் தொட்டதும் தெரியவில்லை, விட்டதும் தெரியவில்லை. மணல்திட்டின் கோடி வரைக்கும் ஒரு செந்நிறக் கோடு போயிற்று, வளைந்தது, திரும்பி வந்தது, மறுபடி போயிற்று. தண்ணீர் குடிக்க வந்த மான்கள் குடிக்க மறந்து நின்றன. அக்கரையில் யானைகள் தும்பிக்கையைத் தூக்கியபடியே வைத்திருந்தன. புதருக்குள்ளிருந்து தலையை நீட்டிய நரி, முயலைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. வயதெல்லாம் கூண்டுக்குள்ளே கிடந்த கால்களுக்குள் இத்தனை காற்று எங்கே இருந்தது? யார் கற்றுக் கொடுத்தார்கள்? முள்ளி கண் கொட்டாமல் பார்த்தது. அதற்கு முதுகு முள்ளெல்லாம் தானாகக் குத்திட்டு நின்றது. பயத்தாலோ கோபத்தாலோ அல்லாமல் அப்படி நின்றது அதற்கு அதுதான் முதல் தடவை.

தாய் தாய் என்று எல்லோரும் சொன்ன செவலை ஒருநாள்கூடக் குட்டியாக இருந்ததில்லை என்று அப்போதுதான் முள்ளிக்கு உறைத்தது.

செவலை ஓடி ஓடி, கடைசியில் கும்மாளன் மேலேயே வந்து விழுந்தது. இரண்டும் சேற்றில் சறுக்கிக்கொண்டு ஆற்றோரம் வரை போயின. அப்போது முதல் துளி விழுந்தது.

முள்ளிக்கு எப்போதும் கேட்கிற கேள்வி நுனிநாக்கு வரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டது. "மழை வந்தா உன் வீட்டுக்குத் தண்ணி ஏறாதா?" என்று மட்டும் கும்மாளனைக் கேட்டது.

ஆற்றுக்குமேல் உயரத்தில் ஒரு பாறைக்குகை இருக்கிறது, எந்த வெள்ளத்துக்கும் அங்கே தண்ணீர் ஏறியதில்லை, உள்ளே மணல் மெத்தென்று இருக்கும் என்றது கும்மாளன். சொன்னால் போதுமா? முள்ளி நேரில் ஏறிப் போயிற்று. நுழைவதற்கு முன் ஒரு தடவை பார்த்தது, நுழைந்த பிறகு ஒரு தடவை பார்த்தது, மணலைக் கிளறி முகர்ந்தது. எல்லாம் காய்ந்துதான் இருந்தது.

"இது குரைக்க ஆரம்பிச்சிருச்சு. உன் மீனெல்லாம் ஓடிப்போகும், பாத்துக்கோ" என்றது, இறங்கி வந்து.

"ஓடட்டும். ரெண்டு பேருமாத் தொரத்தறோம்."

முள்ளி செவலையிடம் திரும்பியது. இந்தத் தடவை போகிறாயா என்று கேட்கவில்லை. "உனக்கு எங்க இருக்கோணும் கண்ணு?" என்று கேட்டது.

எங்கே என்று யாரும் செவலையை அதுவரை கேட்டதில்லை. கேள்வி புரியவே அதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மழைத்துளிகள் அதன் நெற்றியில் விழுந்து மூக்கு வழியாக வழிந்தன. அது மேலே பார்த்தது, ஆற்றைப் பார்த்தது, சேறு பூசிக்கொண்டு நிற்கிற கும்மாளனைப் பார்த்தது.

"எனக்கு இங்க இருக்கணும்" என்றது.

சரிங்க என்று அது சொல்லவில்லை. முள்ளிக்கு அதுவே போதுமாயிருந்தது.

மழை வலுத்தது. முள்ளி விடைபெற்றுக்கொண்டு பாறையிடுக்கை நோக்கி மேட்டில் ஏறியது. மனம் நிறைந்திருந்தது, கூடவே எங்கோ வெறிச்சென்றும் இருந்தது. இந்த மழைக்குக் கிழங்கைக் கடித்துக்கொண்டு யாரிடம் கதை சொல்வது என்று நினைத்துக்கொண்டே போயிற்று.

பின்னால் சளக் சளக்கென்று காலடி கேட்டது. செவலை ஓடி வந்துகொண்டிருந்தது. வந்து, முள்ளியின் எதிரே, எட்ட இருக்கவேண்டிய அளவுக்கு எட்டவே நின்று, வாயிலிருந்த கூழாங்கல்லைக் கீழே வைத்தது. மூக்கால் முள்ளியின் பக்கம் தள்ளியது.

தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. முன்கால்களை மடக்கி, பின்பக்கத்தை உயர்த்தி, வாலை ஆட்டிக்கொண்டு முள்ளியையே பார்த்தது.

முள்ளி தன் ஆயுளில் விளையாடியதில்லை. எப்படி விளையாடுவது என்றும் அதற்குத் தெரியாது. கல்லை எல்லாப் பக்கமும் முகர்ந்து பார்த்தது. இடப்பக்கம் பார்த்தது, வலப்பக்கம் பார்த்தது. யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும், மூக்கைக் கல்லின்மேல் வைத்து, செவலையின் பக்கமாகத் தள்ளிவிட்டது.

கல் சரிவில் உருண்டது. செவலை துள்ளிக் குதித்துக் குரைத்தது. மழை கொட்டிக்கொண்டிருந்தது. பாறையிடுக்குக்குள் போக வேண்டும் என்பது முள்ளிக்கு வெகு நேரம் வரைக்கும் ஞாபகமே வரவில்லை.

நீதி: வாழ்நாளெல்லாம் கொடுத்தே ஓய்ந்தவருக்கு இடம் தேடும்போது, அவரால் என்ன ஆகும் என்று கேட்காதே, அவருக்கு எது கிடைக்காமலே போயிற்று என்று கேள்.